அப்பா படித்த அதே காலேஜ்!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஒரு வேடிக்கை உண்டு. முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு வந்துவிடும். ஆரோவில் போகிற திருப்பத்தையெல்லாம் கடந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி. அந்தத் துண்டு நிலத்தில்தான் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் இருக்கின்றன. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரி, மத்தியப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மத்திய சிறைச்சாலை எல்லாம் அடுத்தடுத்து.

1986-ல் எங்கள் அண்ணனைச் சேர்க்க அப்பா பஸ்ஸில் அழைத்துப் போனபோது நானும் கூடப் போனேன். வழியில் அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "படிச்சா இந்த காம்பவுண்டு, படிக்கலன்னா ஜெயில் காம்பவுண்டு. பாத்துக்க." பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

புதுச்சேரி பொறியியல் கல்லூரி 1984-ல் பிள்ளைச்சாவடியில் தொடங்கப்பட்டது. இப்போது அதற்குப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்துவிட்டது. 2020 முதல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர். ஆனால் ஊரில் இன்னும் 'இஞ்சினீயரிங் காலேஜ்'தான். பஸ் கண்டக்டருக்கும் அப்படித்தான். 

அண்ணன் அங்கே மெக்கானிக்கல் படித்தார். இப்போது அண்ணன் மகன் அதே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. எண்பதுகளில் தொடங்கிய ஒரு கல்லூரியின் முதல் பேட்ச்சுகளில் படித்தவர்களுக்கு இப்போது வயது 55-லிருந்து 60-க்குள். அவர்களுடைய பிள்ளைகள் சரியாகக் கல்லூரி வயதில் இருக்கிறார்கள், அல்லது அதைக் கடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். அதாவது, அந்தக் கல்லூரி இப்போதுதான் 'அப்பா - பிள்ளை' வயதுக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் எண்பதுகளின் நடுவில் முளைத்த எத்தனையோ பொறியியல் கல்லூரிகளுக்கு இதே வயதுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு ஜோடி இருந்தால், இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எங்கள் அப்பா ரோடியர் மில் தொழிலாளி. ஏ.எஃப்.டி மில் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1898-ல் தொடங்கிய மில். புதுச்சேரியில் மில் சங்கு ஊதினால்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும். மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா வேலை செய்கிற இடத்தில் மகன் முதலில் பதிலியாக நுழைவான். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு அவனுக்கு வேலை. அப்படியே சில வருடங்கள் வாசலில் நின்று நின்று, கடைசியில் நிரந்தரம் ஆவான். எங்கள் தாத்தாவும் மில், அப்பாவும் மில். அண்ணன் பிளஸ் டூ முடித்தபோது உறவினர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். "பேரைக் குடுத்து வை, உனக்கப்புறம் அவனுக்கு ஆகும்ல?" 

அப்பா பேர் கொடுக்கவில்லை. "என் தறி என்னோட நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் குடும்பத்தின் வழி மாறியது. அந்த மில் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டபோது அப்பா உயிரோடு இல்லை.

(ஒரு சின்ன குறுக்கீடு. இரண்டு வருடம் கழித்து நானும் பிளஸ் டூ முடித்தேன். எனக்கும் மார்க் இருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று அதே அப்பாதான் கேட்டார். டவுனிலேயே பெண்கள் கல்லூரியில் பி.ஏ படித்தேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அப்பா - மகன் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த அத்தைகளும் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.)

மகனைச் சேர்த்த அன்றைக்கு அண்ணன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். "இங்கதான் எங்க ஒர்க் ஷாப்." "இந்த மரத்தடியிலதான் நாங்க பஸ்சுக்கு நிப்போம்." "அப்பல்லாம் இது வெறும் சவுக்குத் தோப்புடா, காத்து அடிச்சா கடல் சத்தம் கிளாஸுக்குள்ள கேக்கும்." பையன் ஹூம், ஹூம் என்று தலையாட்டிக்கொண்டே போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் அண்ணனின் '86 பேட்ச்' வாட்ஸ்அப் குழுவில் படம் போய்விட்டது. அப்பாவும் மகனும் வாசலில் நிற்கிற படம். நூற்றுக்கு மேல் இதயங்கள், கும்பிடுகள். "வெல்கம் டு தி ஃபேமிலி!" என்று ஒருவர் துபாயிலிருந்து எழுதியிருந்தார்.

'ஃபேமிலி' என்ற அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

எழுத்து வீடுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் 'குடும்ப' உணர்வை ஒரு நிறுவனமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஃப்ரட்டர்னிட்டி. சகோதரன் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1776-ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் சில மாணவர்கள் 'ஃபை பீட்டா கப்பா' என்று மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்து ஒரு ரகசியச் சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வந்த சங்கங்கள் எல்லாம் அதே பாணியில் கிரேக்க எழுத்துகளைப் பிடித்துக்கொண்டன. தனி வீடு, தனி உறுதிமொழி, தனிக் கைகுலுக்கல், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின். பெண்களுக்குத் தனியாக சொராரிட்டி.

அப்பா ஒரு சங்கத்தில் இருந்தால், அதே சங்கத்தில் சேர வருகிற மகனுக்கு 'லெகசி' என்று பெயர். பல சங்கங்களில் லெகசிப் பையனுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. சேர்க்கும் சடங்கில் அப்பாவே வந்து மகனின் சட்டையில் பின்னைக் குத்திவிடுவதும் உண்டு. சில சமயம் அது அப்பா அந்தக் காலத்தில் அணிந்த அதே பின்னாக இருக்கும்.

பெரிய உதாரணம் புஷ் குடும்பம். யேல் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கல் அண்டு போன்ஸ்' என்று ஒரு ரகசியச் சங்கம் 1832-லிருந்து இருக்கிறது. ஒரு வருடத்துக்கு 15 பேரைத்தான் எடுப்பார்கள். செனட்டராக இருந்த பிரெஸ்காட் புஷ், அவர் மகன் மூத்த ஜார்ஜ் புஷ், அவர் மகன் இளைய ஜார்ஜ் புஷ் என்று மூன்று தலைமுறையும் அதில் உறுப்பினர்கள். அப்பா யேலில் முடித்தது 1948. மகன் முடித்தது 1968. இரண்டு பேரும் ஜனாதிபதி ஆனார்கள். இருபது வருட இடைவெளியில் ஒரே கட்டடம், ஒரே ரகசியம்!

பிலிப்பைன்ஸிலும் இந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. அங்கே சர்வாதிகாரியாக ஆண்ட மார்க்கோஸும், அவரால் சிறையில் அடைக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோவும் ஒரே ஃப்ரட்டர்னிட்டியில் சகோதரர்கள். உறுதிமொழி எடுத்த சகோதரத்துவம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் கிரேக்க எழுத்துகள் இல்லை. ஆனால் சென்னையில் படித்தவர்களுக்கு 'ரூட்டு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1840-ல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, 1842-ல் தொடங்கிய பச்சையப்பன் கல்லூரி. எத்தனையோ அறிஞர்களையும் தலைவர்களையும் தந்த இரண்டு கல்லூரிகள். ஒரே பஸ் ரூட்டில் வருகிற பையன்கள் ஒரு குழு; அதற்கு ஒரு 'ரூட்டு தல'; அவனுக்குப் பிறகு இன்னொரு தல. சீனியர் ஜூனியருக்குக் கைமாற்றிக் கொடுக்கிற பட்டம் அது. பாட்டு, தாளம், பஸ் டே எல்லாம் இருந்தது. கூடவே அரிவாளும் வந்தது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாள்களில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். அந்தப் பையன்களில் பலரும் தங்கள் வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அப்பா தர முடியாத ஓர் அடையாளத்தை அவர்கள் பஸ் நம்பரில் தேடுகிறார்கள்.

இலங்கைத் தமிழர்களிடம் இது வேறு மாதிரி. அங்கே கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904-லிருந்து நடக்கிற கிரிக்கெட் போட்டிக்கு 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர். அப்பா எந்தக் கூடாரத்தில் உட்கார்ந்தாரோ, மகனுக்கும் அதே கூடாரம்தான். போர் வந்து ஊரையே கலைத்தபோது அந்தப் பழைய மாணவர்கள் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். போன இடத்தில் கோயிலுக்கு அடுத்தபடியாக அவர்கள் கட்டியது பழைய மாணவர் சங்கங்கள். அங்கிருந்து பள்ளிக்குப் பணம் அனுப்புகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள்.

அந்த நாட்டில் இதற்கு அரசின் முத்திரையே உண்டு. பெரிய அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்புச் சேர்க்கையில் 25 சதவிகித இடம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு என்று கல்வி அமைச்சின் விதியில் இருக்கிறது. இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்காவும் அவருக்குப் பின் பிரதமரான மகன் டட்லியும் ஒரே பள்ளிதான், செயின்ட் தாமஸ் கல்லூரி. நாட்டையே அப்பாவிடமிருந்து மகன் வாங்கிக்கொண்ட குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் எம்மாத்திரம்!

மதிலுக்கு அந்தப் பக்கம்

பிள்ளைச்சாவடியில் சாலையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் மீனவர் வீடுகள். கடல் அரித்து அரித்து உள்ளே வந்துகொண்டிருக்கிற கரை. கல் கொட்டிப் பார்க்கிறார்கள். புயல் மாசத்தில் கடல் அதையும் தாண்டுகிறது.

இந்தக் கடற்கரை நெடுகிலும் மீனவ ஊர்களில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பையன் வளர்ந்து தனியாகத் தொழிலுக்குப் போய், குடும்பம் என்று ஆகும்போது அவன் ஒரு 'தலைக்கட்டு' ஆவான். ஊருக்கு வரி கொடுப்பான். பஞ்சாயத்தில் உட்காருவான். பொதுப் பணத்தில் அவனுக்கும் பங்கு, ஊர்க் கட்டுப்பாடு அவனுக்கும் பொருந்தும். அப்பா தலைக்கட்டு, மகன் தலைக்கட்டு, இரண்டு பேரும் ஒரே ஊர்க் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசலாம். கிரேக்க எழுத்தும் பின்னும் இல்லாமல், எந்தக் கல்லூரிக்கும் முன்னாலிருந்தே நடந்துவரும் ஒரு சகோதரத்துவம். இதிலும் அத்தைகளுக்கு இடம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அண்ணன் மகனின் நெருங்கிய சிநேகிதன் இப்படி ஒரு கடலோர ஊர்க்காரன். அப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணியின் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "அத்தை, இது ஐஸ்ல வெச்ச மீனு" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வான். அவனைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

சகோதரத்துவத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. உள்ளே சேர்க்க ஒரு சடங்கு வேண்டும், சடங்கு என்றால் புதியவன் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும் என்கிற எண்ணம். அமெரிக்காவில் ஹேஸிங் என்கிறார்கள், நாம் ராகிங் என்கிறோம். அண்ணன் வயதுக்காரர்கள் கூடினால் "எங்க காலத்துல பார்க்கணுமே..." என்று ராகிங் கதைகளைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எங்களிடமிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது சிதம்பரம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு காணாமல் போனார். கொலை செய்யப்பட்டிருந்தார். செய்தது ஒரு சீனியர் மாணவர். நாவரசுவின் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகத்தையே நடத்துகிறவரால் தன் மகனை ஒரு விடுதியில் காப்பாற்ற முடியவில்லை. 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கோ கீழ்க்கோர்ட்டு தண்டனை, ஹைகோர்ட்டு விடுதலை என்று இழுத்து, 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மகனை இழந்த அப்பா 15 வருடம் காத்திருந்தார்.

அந்தச் செய்தி வந்த நாள்களில் எங்கள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "நீ யாரையாவது இப்படிப் பண்ணினியாடா?" அண்ணன் படிப்பு முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் இல்லை என்றார். அப்பா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

யாருக்குச் சலுகை?

'லெகசி' அமெரிக்காவில் ஃப்ரட்டர்னிட்டியோடு நிற்பதில்லை. கல்லூரிச் சேர்க்கையிலேயே உண்டு. அப்பாவோ அம்மாவோ ஹார்வர்டில் படித்திருந்தால் பிள்ளைக்குக் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கும். எவ்வளவு சுலபம் என்பது ஒரு வழக்கில் வெளியே வந்தது: பொதுவாக நூற்றுக்கு 6 பேருக்கு இடம் கிடைக்கிற காலத்தில், பழைய மாணவர் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்குக் கிடைத்திருக்கிறது. இந்தப் பழக்கம் ஆரம்பித்த கதை இன்னும் மோசம். 1920-களில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் மார்க் வாங்கி நிறைய உள்ளே வர ஆரம்பித்தபோது, அவர்களைக் குறைக்கக் கண்டுபிடித்த வழிகளில் இதுவும் ஒன்று. எம்.ஐ.டி இதைப் பார்ப்பதே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விட்டுவிட்டது. 2024-ல் கலிஃபோர்னியா மாநிலம் தனியார் கல்லூரிகளிலும் இதைத் தடை செய்து சட்டம் போட்டது.

இந்த விஷயத்தில் நாம் தலைகீழ். 2010-ல் தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி சலுகை வந்தது. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காத வீட்டிலிருந்து தொழிற்கல்விக்கு வருகிற முதல் பிள்ளைக்கு அரசே கல்விக் கட்டணத்தைக் கட்டும். தாசில்தார் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழுக்காக நிற்கிற அம்மாக்களை ஜூன், ஜூலையில் பார்க்கலாம். அங்கே "எங்கப்பா இங்க படிச்சார்" என்றால் சலுகை. இங்கே "எங்கப்பா எங்கேயும் படிக்கலை" என்றால் சலுகை. இரண்டில் எது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அண்ணன் பையன் மூன்றாம் வருடம் போனபிறகுதான் இன்னொன்று புரிந்தது. சேர்க்கை முடிகிற இடத்தில் லெகசி முடிவதில்லை. நம் ஊரில் அது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் அப்பா-மகன் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு கதை. வில்லியம் பிராக் என்று ஒரு விஞ்ஞானி. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் கணக்குப் படித்தவர். அவர் மகன் லாரன்ஸும் அதே டிரினிட்டியில்தான் படித்தார். 1912-ல், 22 வயதில், எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் கண்டுபிடித்தவர் மகன். அதற்கான அளக்கும் கருவியைச் செய்தவர் அப்பா. 1915-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. மகனுக்கு வயது 25. இயற்பியலில் அவ்வளவு சின்ன வயதில் இன்றுவரை வேறு யாரும் வாங்கவில்லை.

கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஆனால் அந்த மகன் பல வருடம் மனதுக்குள் குமைந்தார். பெரிய மனிதரான அப்பா மேடையில் பேசுவார். கேட்கிறவர்கள் எல்லாம் அப்பாவின் கண்டுபிடிப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். அப்பா, இது மகனுடையது என்று சொல்லத்தான் செய்தார். சொன்னாலும் யார் காதில் விழுகிறது? நல்ல அப்பாவின் நிழல்கூட நிழல்தான். நம் சந்திரசேகருக்கும் இது தெரிந்திருக்கும். சித்தப்பா சி.வி.ராமன் படித்த அதே மாநிலக் கல்லூரியில் அவரும் படித்தார். அவர் பட்டம் வாங்கிய 1930-லேயே ராமனுக்கு நோபல். சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தபோது வருடம் 1983.

எங்கள் வீட்டுப் பையனுக்கும் நிழல் பிரச்னை உண்டு. அண்ணனின் பேட்ச் நண்பர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். குழுவில் எல்லோருக்கும் அவன் 'நம்ம பையன்'. போன வருடம் பேட்ச் சந்திப்பில் மேடை ஏற்றி அப்பா-மகன் போட்டோ எடுக்கலாம் என்று அண்ணன் சட்டையெல்லாம் ஒரே நிறத்தில் எடுத்துவைத்தார். அவன் வரவில்லை. டெஸ்ட் என்று சொல்லிவிட்டான். டெஸ்ட் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். "அத்தை, அங்க போனா எனக்குப் பேரே இல்ல. அவர் பையன், அவ்ளோதான்" என்றான். நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் இன்டர்ன்ஷிப் வந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிற அண்ணனின் நண்பர் குழுவிலேயே எழுதிவிட்டார்: "நம்ம பையன் ரெஸ்யூமை எனக்கு அனுப்பு. ஒரு இடம் இருக்கு, பாத்துக்கறேன்." அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, அது எல்லாரும் அப்ளை பண்றதா? இல்ல எனக்கு மட்டுமா?"

"உனக்குன்னு கேட்டிருக்கான். என்ன இப்போ?"

"என்னைவிட அவன் நல்லா கோடிங் பண்ணுவான்." படகுக்காரர் மகனைச் சொன்னான். "அவனுக்கு பெங்களூர்ல எந்த அங்கிளும் இல்லப்பா."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாலு வருஷம் பஸ்ல அலைஞ்சு, ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேசத் தெரியாம நின்னு, நானா கட்டின உறவுடி இதெல்லாம். இதைப் புள்ளைக்குக் குடுத்தா தப்பா?" என்றார். தப்பு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நியாயமான கேள்விதானே? எந்த அப்பாதான் கொடுக்க மாட்டார்? எனக்கு அப்போது ரோடியர் மில் வாசலில் பேர் கொடுக்கச் சொல்லி நின்ற உறவினர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். வேறதான். மில்லில் பஞ்சுத் தூசு, இங்கே ஏ.சி.

மறுநாள் அண்ணன் நண்பருக்குப் போன் செய்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரின் ரெஸ்யூமும் அனுப்பியிருக்கிறார். "ரெண்டு பேரையும் பாரு. எது சரியோ அதைப் பண்ணு" என்றிருக்கிறார். நண்பர், அப்படியானால் முறையாகவே டெஸ்ட் வைத்துவிடுகிறேன் என்று சொல்லி, ஆன்லைனில் ஒரு டெஸ்ட், பிறகு வீடியோவில் இன்டர்வியூ. இடம் ஒன்றுதான்.

கிடைத்தது படகுக்காரர் மகனுக்கு.

எங்கள் பையன் அன்றைக்கு அவனோடு சேர்ந்து பீச் ரோட்டில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தான். சந்தோஷமாக இருந்தானா, வருத்தத்தை மறைத்தானா என்று அத்தைக்கே தெரியவில்லை. அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. குழுவில் யாரோ "என்னாச்சு, நம்ம பையனுக்கு ஓகேயா?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் பதில் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை. டீ குடித்துக்கொண்டிருந்தார் அண்ணன். பையன் பேக்கை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டார்.

"டேய், அந்தப் பையன் பெங்களூர்ல எங்க தங்கப் போறானாம்?"

"தெரியலப்பா. ஹாஸ்டல் தேடணும்னு சொன்னான்."

"தேட வேணாம்னு சொல்லு" என்றார் அண்ணன். போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழுவில் ஏதோ தட்ட ஆரம்பித்தார்.